தோட்டப் பட்டணத்துச் சாலைகளில் வேகத்தைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் செம்பனை, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சிறு பட்டணங்களை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே நேர்ச்சாலை ஊரின் நடுவே போகும். ஒரு பக்கம் கடைவரிசை, எதிர்ப்பக்கம் தமிழ்ப்பள்ளி, கோயில். சற்றுத் தள்ளித் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகள், அதற்கப்பால் செம்பனை எண்ணெய் ஆலை. அந்தச் சாலையைக் கடந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் சந்தைக்கும் போக வேண்டும். பள்ளிக்குப் போன பிள்ளை திரும்பி வருவதை அதிர்ஷ்டத்தின் கையில் விடக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

வேக வரம்புப் பலகை இருக்கிறதே, ஏன் யாரும் குறைப்பதில்லை?

பலகை ஒன்று சொல்கிறது, சாலை வேறொன்று சொல்கிறது. ஓட்டுபவர் சாலையைத்தான் கேட்பார். செம்பனை மரங்களுக்கு இடையே அரை மணி நேரம் 90 கி.மீ. வேகத்தில் வந்தவருக்குக் கண் அந்த வேகத்துக்குப் பழகிவிடும். அதன்பின் 60-க்குக் குறைத்தாலே வண்டி ஊர்வது போல் தோன்றும். பட்டணத்துக்குள்ளும் அதே 3.5 மீட்டர் தடம், அதே நேர்க்கோடு, அதே அகலமான ஓரம் தொடர்ந்தால் 'ஊர் வந்துவிட்டது' என்று அவருக்குச் சொல்ல எதுவுமே இல்லை. போலீஸ் நிற்கும் அன்று குறைப்பார், மறுநாள் மறந்துவிடுவார். சாலையின் வடிவத்தை மாற்றினால் அது இரவு பகல் பாராமல் வேலை செய்யும்.

50-க்கும் 30-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

30 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு பிள்ளையைக் கண்டு, ஒரு நொடியில் பிரேக்கை மிதித்தால், காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது முதல் கார் நின்ற இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது காரின் பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கியிருக்காது. அது நிற்க மொத்தம் 28 மீட்டர் வேண்டும். மழையில் இன்னும் கூடும். செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரிக்கு அதைவிடக் கூடும்.

மோதும் விசையும் நேர்விகிதத்தில் ஏறாது. வேகம் 30-லிருந்து 50 ஆனால் மோதலின் ஆற்றல் ஏறக்குறைய 2.8 மடங்கு. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ச்சேத விபத்தின் வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30 கி.மீ. போதும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னதும் இந்தக் காரணத்தால்தான்.

முதலில் யாரிடம் போக வேண்டும்?

சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். பலருடைய மனு ஆண்டுக்கணக்கில் அலைவது தவறான மேசைக்குப் போனதால்தான்.

கிலோமீட்டர் கல்லையோ சாலை எண் பலகையையோ பாருங்கள். வெறும் எண் இருந்தால் கூட்டரசு சாலை, அதாவது மத்திய அரசின் சாலை. தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் வழியாகப் போகும் 1-ஆம் எண் சாலை அந்த வகை. எண்ணுக்கு முன்னால் மாநில எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: பேராக்குக்கு 'ஏ', சிலாங்கூருக்கு 'பி', ஜொகூருக்கு 'ஜே', நெகிரி செம்பிலானுக்கு 'என்'. இவ்விரண்டுக்கும் பொதுவாக மாவட்டப் பொதுப்பணி இலாகாவை, அதாவது ஜே.கே.ஆரை அணுக வேண்டும். தாமான் தெருக்களும் கடைவரிசைச் சந்துகளும் மாவட்ட மன்றம் அல்லது நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குள் லயத்து வீடுகளை ஒட்டிப் போகும் பாதை பெரும்பாலும் தோட்ட நிறுவனத்தின் சொந்த நிலம்; அங்கே முடிவெடுப்பவர் மேனேஜர்.

எல்லை இடங்களில் தகராறு வரும். பள்ளி வாசல் மாவட்ட மன்றச் சாலையிலும் அதன் முனை மாநிலச் சாலையிலும் இருந்தால் இரு தரப்புக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, இருவரையும் ஒரே நாளில் இடத்துக்கு வரக் கேளுங்கள்.

வேகத்தை நாங்களே அளக்க முடியுமா?

முடியும், அளக்கத்தான் வேண்டும். 'ரொம்ப வேகமாகப் போகிறார்கள்' என்று எழுதிய கடிதம் கோப்புக்குள் தூங்கும். எண்ணோடு போகும் கடிதத்துக்குப் பதில் எழுதியாக வேண்டியிருக்கும்.

அளவு நாடாவால் சாலையோரத்தில் 50 மீட்டர் அளந்து, இரு முனையிலும் புல்தரையில் குச்சி நடுங்கள். சாலைக்குள் இறங்க வேண்டாம். ஒவ்வொரு குச்சிக்கும் நேரே எதிர்ப்புறம் ஒரு கம்பத்தையோ வேலிக்காலையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாய்வாகப் பார்த்து நேரத்தைத் தவறாக எடுப்பீர்கள். முதல் குறியில் ஒருவர் கை காட்ட, இரண்டாவது குறியில் நிற்பவர் கைப்பேசியில் நேரம் பிடிக்கலாம். 180-ஐ நொடிகளால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 6 நொடி என்றால் 30 கி.மீ.; 3.6 நொடி என்றால் 50. 3 நொடி என்றால் 60.

முன்னால் தடையின்றிப் போகும் வண்டிகளை மட்டும் எடுங்கள். வரிசையாக வந்தால் முதல் வண்டி மட்டும் கணக்கு. 100 வண்டி சேர்ந்ததும் குறைந்த வேகத்திலிருந்து கூடிய வேகம்வரை அடுக்கி, 85-ஆவது வண்டியின் வேகத்தைப் பாருங்கள். பொறியாளர்கள் கேட்பது அந்த எண்ணைத்தான். மோட்டார் சைக்கிள், கார், லோரி மூன்றையும் தனித்தனியாகக் குறித்தால் பின்னால் பெரிதும் உதவும். காலைப் பள்ளி நேரம், பள்ளி விடும் நேரம், இரவு 9 மணி என மூன்று வேளை எடுங்கள். கூட்டம் குறைந்த இரவு நேரத்தில்தான் சாலை தன் உண்மையான வேகத்தைக் காட்டும். உங்களைப் பார்த்து வண்டிகள் வேகம் குறைத்தால் அளவு கெட்டுவிடும். பிரகாசமான பாதுகாப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஆனால் கடை முன்னுள்ள அஞ்சடி நடைபாதையிலோ பஸ் நிறுத்தத்திலோ சாதாரணமாக நில்லுங்கள்.

முக்கியச் சாலையில் ஒரு பம்ப் போட்டால் தீராதா?

தீராது. 80-ல் லோரி வரும் கூட்டரசு சாலையில் திடீரென்று மேடு வந்தால் அதுவே விபத்துக்குக் காரணமாகும். முக்கியச் சாலையில் வேகத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும்.

முதலில் ஊரின் வாசல். பட்டணம் தொடங்கும் இடத்தில், கடைசித் தோட்டத்துக்கும் முதல் கடைக்கும் நடுவே, சாலை வேறொன்றாக மாறியது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரு தடங்களுக்கும் நடுவே சிறு தீவு, இருபுறமும் ஓரக்கல், தெருவிளக்கின் தொடக்கம், ஊர்ப்பெயரும் வேக வரம்பும் சேர்ந்த பெரிய பலகை, தடம் 3.5-லிருந்து 3 மீட்டருக்குச் சுருங்குதல். இவை ஒரே இடத்தில் சேர்ந்து வந்தால்தான் பலன். பலகையை மட்டும் நட்டுவிட்டு வாசல் என்று சொல்லும் வேலைகள் பலனின்றிப் போகின்றன. தீவுக்கு மேலே விளக்கு இல்லாவிட்டால் முதல் மழை இரவிலேயே யாராவது அதில் ஏறிவிடுவார்கள். ஒளிர்பட்டையும் வளைந்து நிமிரும் கம்பமும் அவசியம்.

அடுத்து, 200–300 மீட்டருக்கு ஒன்றாக ஊருக்குள் ஏதாவது ஒன்று வேகத்தைத் தட்டி வைக்க வேண்டும்: நடுத்தீவோடு கூடிய நடைகடப்பு, அல்லது ஆலைச் சாலை பிரியும் முனையில் சிறு வட்டச்சந்தி. வட்டச்சந்தியின் வெளிவிட்டம் 28–30 மீட்டர் இருந்தால், நடுவட்டத்தைச் சுற்றி 2 மீட்டர் அகலத்துக்கு லோரிச் சக்கரம் ஏறக்கூடிய தாழ்வான கல்தளம் வைக்கலாம். கார் அந்தத் தளத்தைத் தவிர்த்து மெதுவாகச் சுற்றும். நீண்ட லோரியின் பின்சக்கரம் அதன்மேல் ஏறிப் போகும். ஓட்டுபவர் வட்டத்தை நேராக வெட்டிக்கொண்டு போக முடிந்தால் அந்த வட்டச்சந்தி வெறும் அலங்காரம்.

நடைகடப்பில் சாலையைச் சுருக்குவதால் என்ன லாபம்?

ஒரு பாட்டியின் நடையை வைத்துக் கணக்குப் போடலாம். நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 12 மீட்டர் சாலையைக் கடக்க 15 நொடி ஆகும். அந்த நேரத்தில் 60-ல் வரும் வண்டி 250 மீட்டர் ஓடிவிடும். அதாவது அவர் கால் கிலோமீட்டர் தொலைவைப் பார்த்து வண்டியின் வேகத்தைக் கணிக்க வேண்டும். கண்ணில் புரை விழுந்தவருக்கு இது நடக்காத காரியம். நடைபாதையை இருபுறமும் வண்டி நிறுத்தும் தடத்தின் அகலத்துக்கு நீட்டி, கடக்கும் தொலைவை 7 மீட்டராக்கி, வேகத்தை 30-க்கு இறக்கினால் 9 நொடி போதும். 75 மீட்டர் தொலைவைப் பார்த்தால் போதும்.

நீட்டிய நடைபாதை இன்னொரு நன்மையும் செய்கிறது. அங்கே கார் நிறுத்த முடியாது, அதனால் காத்திருப்பவர் நின்ற காருக்குப் பின்னால் மறைய மாட்டார். நடுத்தீவு வைத்தால் அகலம் 2 மீட்டர் இருக்கட்டும். 1 மீட்டர் தீவில் சைக்கிளோடு நிற்கும் பையனின் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

தாமான் தெருவில் மேடு போடுவதென்றால் சரியான அளவு என்ன?

ஊரில் போங்கோல் என்றும் பம்ப் என்றும் சொல்வதில் இரண்டு வகை கலந்துவிட்டது. ஓரடி அகலத்தில் கூர்மையாக எழும் சிமெண்டு வரப்பு ஒன்று. அது மெதுவாக வருபவரின் முதுகைத்தான் உடைக்கும். வேகமாக வரும் காரின் ஸ்பிரிங் அந்த அடியை விழுங்கிவிடும், மோட்டாரோ தூக்கியெறியும். வேண்டியது இரண்டாவது வகை: பயணத் திசையில் 3.7 மீட்டர் நீளமும் நடுவில் 75 மி.மீ. உயரமும் உள்ள, வட்டமாக எழுந்து இறங்கும் மேடு. 1970-களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் சோதித்து எடுத்த வடிவத்தின் வழிவந்தது இது. இதன்மேல் 25–30 கி.மீ. வேகத்தில் போனால் ஒன்றும் செய்யாது, 50-ல் போனால் உடம்பு சொல்லிவிடும்.

மேட்டின் வடிவத்தைச் சரிபார்க்கப் பலகையில் வெட்டும் அச்சுக்கு அளவு இது. நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி 73 மி.மீ. உயரம், 60 செ.மீ.-ல் 67, 90-ல் 57, 120-ல் 43, 150-ல் 26, 185-ல் பூஜ்யம். இருபுறமும் ஒரே அளவு.

6 மீட்டர் அகலத் தெருவில் இரு ஓரமும் 30 செ.மீ. விட்டால் மேட்டின் அகலம் 5.4 மீட்டர். கனஅளவு ஏறக்குறைய 1 கனமீட்டர், எடை 2.4 டன். விளிம்பு வெட்டுக்கும் சிந்தலுக்கும் சேர்த்து 3 டன் தார்க்கலவை கேளுங்கள்.

மேட்டின் இரு விளிம்பிலும் பழைய தாரை 30 செ.மீ. அகலம், 3–4 செ.மீ. ஆழம் வெட்டி எடுப்பது முதல் வேலை. இதைத்தான் குத்தகையாளர் தவிர்க்கப் பார்ப்பார். 14 மி.மீ. கல் உள்ள கலவையைக் காகிதம்போல் மெலிதாக இழுக்க முடியாது. வெட்டாமல் போட்டால் விளிம்பு ஓரிரு மாதத்தில் உதிர்ந்து பள்ளமாகும். வெட்டியபின் துடைத்து, ஒட்டுத்தார் தெளித்து, அது பழுப்பிலிருந்து கறுப்பாக மாறும்வரை பொறுக்க வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் மேடு அப்படியே நழுவும். கலவை அழுந்தும்போது தணியும் என்பதால் கால்பங்கு கூடுதலாகக் கொட்டி, சூடு 100 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் உருளையை ஓட்டி முடிக்க வேண்டும். மாலை மழை வரும் பருவத்தில் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் அச்சுப்பலகையை வைத்துப் பார்த்து, 10 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே சரி செய்யச் சொல்லுங்கள். நடுவில் 100 மி.மீ.-ஐத் தாண்டினால் காரின் அடி உரசும். பெயிண்டும் எச்சரிக்கைப் பலகையும் அதே நாளில் வர வேண்டும். பெயிண்ட் நாளை வரும் என்று சாலையைத் திறந்துவிட்ட இரவில்தான் ஆள் விழுவார்.

எத்தனை மேடு, எவ்வளவு தூரத்துக்கு ஒன்று?

ஒரே மேடு என்றால் அதைத் தாண்டியதும் முறுக்குவார்கள். 30-ல் வைத்திருக்க 60 முதல் 90 மீட்டருக்கு ஒன்று வேண்டும். முதல் மேடு தெருமுனையிலிருந்து 40–50 மீட்டருக்குள் இருக்கட்டும். வேகம் ஏறுவதற்கு முன்பே சந்திக்க வேண்டும். வளைவிலும் செங்குத்து ஏற்றத்திலும் வீட்டு வாசலுக்கு நேரேயும் கால்வாய் மூடியின் மேலும் வேண்டாம். தெருவிளக்குக்குப் பக்கத்தில் போடுங்கள்.

ஓரத்தில் விட்ட 30 செ.மீ. மழைத்தண்ணீருக்கு. அதைக் குறைத்தால் மேட்டுக்கு மேற்புறம் குட்டை கட்டும், மேடே தண்ணீரில் மறையும். அதைக் கூட்டினால் மோட்டாரெல்லாம் அந்த இடுக்கில் நுழையும், அங்கே நடப்பவர் மாட்டிக்கொள்வார்.

கடையில் விற்கும் ரப்பர் மேட்டை வாங்கி நாங்களே பதிக்கலாமா?

வேண்டாம். அனுமதியின்றிப் பொதுச்சாலையில் எதையும் பதிக்கக்கூடாது. அதில் யாராவது விழுந்தால் பதித்தவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். லோரிச் சக்கரம் திரும்பத் திரும்ப முறுக்கும்போது ரப்பர்த் துண்டு பெயர்ந்துவிடும், போல்ட்டு மட்டும் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். துண்டு விட்டுப்போன இடைவெளியில் மோட்டார் நெளியும். கார் நிறுத்துமிடத்தில் அது இருக்கட்டும்.

மோட்டாரோட்டிகளுக்கு இவையெல்லாம் ஆபத்தில்லையா?

இதை முதலில் யோசிக்காத திட்டம் நம் ஊருக்கு ஆகாது. மலேசியாவில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். விடியற்காலை 5 மணிக்கு வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளியும் பிள்ளையை முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்குப் போகும் தாயும் அவர்களில் உண்டு.

கார்களைக் குறைக்கும் பல அமைப்புகள் மோட்டாரைக் குறைப்பதில்லை. சாலையைச் சுருக்கினாலும் மோட்டாருக்கு இடம் மீதி. முழு அகலத்துக்கும் போடாமல் துண்டு துண்டாக வைக்கும் மெத்தை போன்ற மேடுகளின் நடு இடைவெளியில் அது நேராகப் போய்விடும். பள்ளி முன்னால் மோட்டாரும் குறைய வேண்டுமென்றால் சாலையின் முழு அகலமும் எழும் தட்டையான மேடைதான் வழி.

இன்னொரு தவறு: சாலையோரத் தார்விளிம்பில் மோட்டார்கள் வந்துகொண்டிருக்கும்போது, திடீரென்று ஓரக்கல்லை நீட்டி அந்த இடத்தை அடைப்பது. மோட்டார் லோரியின் முன்னால் தள்ளப்படும். சுருக்கத்தை வேகம் குறைந்த பிறகே வையுங்கள், அல்லது ஓரக்கல்லுக்கு வெளியே 1.5–2 மீட்டர் வழி விடுங்கள். மழையில் வழுக்கும் கனத்த பெயிண்டைத் திருப்பத்திலும் பிரேக் பிடிக்கும் இடத்திலும் பரப்பாமல், கோடுகளை மெலிதாக வையுங்கள். சொரசொரப்பான மணல் சேர்த்த வகையைக் கேளுங்கள்.

பழக்குலை லோரிகளை என்ன செய்வது?

அவை ஏன் விரைகின்றன என்று பார்க்க வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் இறங்கும். நடைக்குக் கூலி என்றால் ஓட்டுநரும் அவசரப்படுவார். விளைச்சல் மிகும் மாதங்களில் நடை கூடும். ஆகவே முதல் பேச்சு ஆலையோடும் தோட்டத்தோடும்: பள்ளி தொடங்கும், விடும் அரைமணி நேரங்களில் ஊர்வழி வேண்டாம், தோட்டத்துக்குள் மாற்றுப்பாதை இருந்தால் அதில் போகட்டும். இதற்குத் தாரும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம்.

லோரிப் பாதையில் 3.7 மீட்டர் மேடு போடாதீர்கள். குலுக்கலில் உதிரிப் பழம் சிந்தும். நசுங்கிய பழத்தின் எண்ணெயில் பின்னால் வரும் மோட்டார் சறுக்கும். ஏற்றிய லோரி குதிப்பதால் அருகிலுள்ள வீட்டுச் சுவரும் அதிரும். அங்கே தட்டையான மேடை வேண்டும்: மேல்தளம் 6 மீட்டருக்குக் குறையாமல், உயரம் 75 மி.மீ., சரிவு 1-க்கு 15 அல்லது அதைவிட மென்மையாக. பஸ் போகும் தெருவுக்கும் ஆம்புலன்ஸ் வழிக்கும் இதே அளவு பொருந்தும். சுமைமேல் வலை கட்டியிருக்கிறதா என்பதையும் ஆலை வாசலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் கோடுகள் போட்டால் போதாதா?

கடகடவென்று அதிரும் குறுக்குக் கோடுகள் எச்சரிக்கத்தான் உதவும். பழகியவர் வேகம் குறைக்க மாட்டார். வேகமாகப் போனால் அதிர்வு குறைவதாக உணர்பவரும் உண்டு. இரவு முழுக்கச் சத்தம் வேறு. வீடுகளுக்கு அருகே வேண்டாம். ஊர் வாசலுக்கு முன், செம்பனைக்கு நடுவே போடுங்கள்.

பள்ளி வாசலுக்கு எது சரி?

பள்ளி வட்டாரத்தில் வரம்பு 30. அதை நிறைவேற்ற வாசலுக்கு நேரே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய மேடை, அதன்மேல் வரிக்குதிரைக் கடப்பு, மேலே விளக்கு. கடப்பைப் பிள்ளைகள் நடக்கும் நேர்வழியில் வையுங்கள். 40 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வேலி கட்டினால் பிள்ளைகள் வேலியைத் தாண்டுவார்கள்.

பள்ளி வாசல்களில் ஆபத்தை உண்டாக்குவது பெரும்பாலும் பெற்றோரின் கார்களேதான். இரண்டாம் வரிசையில் நிறுத்துவதும் பின்னோக்கி எடுப்பதும் பிள்ளைகளை மறைக்கின்றன. ஏற்றி இறக்கும் இடத்தை 50–80 மீட்டர் தள்ளி, கோயில் திடலிலோ மண்டபத்திலோ ஏற்பாடு செய்து, அங்கிருந்து நடைபாதை கொடுங்கள்.

தைப்பூசத் தேர் எப்படிப் போகும்?

தேரின் அடித்தளத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, சக்கர அகலம், உச்சி உயரம் மூன்றையும் கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே வாங்கி வரைபடத்தில் சேருங்கள். மென்சரிவு மேடை தேருக்குத் தடையில்லை. நடுத்தீவின் பலகைக் கம்பங்களைக் குழாய்க்குள் செருகிப் பூட்டும் வகையில் வைத்தால் அன்று கழற்றிவிடலாம். தீமிதித் திருவிழாவுக்கும் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக்கும் இதுவே வசதி.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

மலாயில், இரண்டு பக்கத்துக்குள். சாலை எண், அருகிலுள்ள கிலோமீட்டர் கல், 85-ஆவது வேகம், அளந்த நாளும் நேரமும், ஒரு மணி நேரத்தில் கடந்தவர் எத்தனை பேர், அதில் பிள்ளைகள் எத்தனை பேர், நான்கு படங்கள், கையால் வரைந்த வரைபடம். 'பம்ப் வேண்டும்' என்று தீர்வைக் கேட்காதீர்கள். 'பள்ளி முன் 85-ஆவது வேகம் 30 ஆக வேண்டும்' என்று பலனைக் கேளுங்கள். எப்படி என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். பள்ளி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில், கடைக்காரர்கள் எனக் கையெழுத்து பல தரப்பிலிருந்து வரட்டும். உள்ளாட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டதிலிருந்து மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். ஆகவே ஒரு நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள்.

முதலில் சோதனையாகச் செய்து பார்க்கக் கேட்பது நல்லது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்பு, கூம்பு, பெயிண்டு கொண்டு இலாகாவே ஆறு வாரத்துக்குச் சுருக்கத்தை வைத்துப் பார்க்கலாம். எண்ணெய்ப் பீப்பாயில் சிமெண்டு நிரப்பி வைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மோட்டார் மோதினால் உயிர் போகும்.

கட்டி முடித்த பிறகு?

ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் அதே 50 மீட்டரில், அதே வேளையில், 100 வண்டியின் வேகத்தை அளந்து பாருங்கள். பக்கத்துத் தெருவிலும் அளந்து பாருங்கள், வண்டிகள் அங்கே ஒதுங்கியிருக்கலாம். வேகம் குறையாவிட்டால் காரணம் பெரும்பாலும் இடைவெளி அதிகமாக இருப்பதுதான்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஓர வாய்க்காலில் சேர்ந்த மண்ணையும் இலையையும் எடுக்க வேண்டும், மங்கிய பெயிண்டைப் புதுப்பிக்க வேண்டும், ஒளிர்பட்டையைத் துடைக்க வேண்டும். சாலைக்கு மறுபடி தார் போடும்போது கவனமாக இருங்கள். புதிய அடுக்கு 50 மி.மீ. ஏறினால் உங்கள் 75 மி.மீ. மேடு 25 ஆகிவிடும். வேலை உத்தரவில் 'மேட்டின் உயரத்தைத் திரும்பக் கொண்டுவருதல்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று தார் லோரி வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.